ஷெரீப் வர நான்கு நாள்: கௌபாய் கதை எழுதும் முறை

கௌபாய் கதைக்குத் தொப்பியும் துப்பாக்கியும் போதும் என்று உட்காருகிறவர்கள் மூன்றாவது பக்கத்தில் திணறிவிடுகிறார்கள். அந்தக் கதையை ஓட்டுவது தூரம். ஊரில் ஒரு கொலை விழுகிறது. ஷெரீப் எண்பது மைலுக்கு அப்பால் இருக்கிறார். நல்ல குதிரை நாளொன்றுக்கு நாற்பது மைல் போகும். ஆள் போய்ச் சொல்ல இரண்டு நாள், அவர் வந்து சேர இரண்டு நாள். நடுவில் உள்ள நான்கு நாளும் ஊர்க்காரன் ஒருவனே காவலன், அவனே நீதிபதி, குழி வெட்டுகிறவனும் அவனே. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் இந்தக் கதைகள் அலுக்காமல் இருப்பது அந்த நான்கு நாளால்தான். அந்த நிலத்தில் ஒரு தொலைபேசியை வைத்துப் பாருங்கள், கதை செத்துவிடும்.

ஆகவே எழுத உட்காரும்போது பக்கத்தில் ஒரு கணக்கு நோட்டு இருக்கட்டும். தூரம், தண்ணீர், தோட்டா, தேதி என்று நான்கு பத்தி. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நான்கையும் நிரப்புங்கள். கதை தளரும் இடத்தில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றை மறந்திருப்பீர்கள்.

முதலில் ஆண்டு, பிறகுதான் ஆள்

மேற்கத்தியக் கதைகளின் காலம் நினைப்பதைவிடக் குறுகியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. குடியேற்ற எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. இருபத்தைந்து ஆண்டு, அவ்வளவுதான். அதற்குள்ளும் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை உலகம் மாறியது. அதனால் "1800-களின் பிற்பகுதி" என்று மொட்டையாகத் தொடங்கினால் தவறுகள் வரிசையாக வரும்.

போனி எக்ஸ்பிரஸ் தபால் குதிரைகள் 1860 ஏப்ரலிலிருந்து பதினெட்டு மாதம் மட்டுமே ஓடின. 1861 அக்டோபரில் கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி இணைந்ததும் அந்தச் சேவைக்கு வேலை இல்லாமல் போனது. 1875-இல் நடக்கும் கதையில் அந்தத் தபால்காரன் பாய்ந்து வரக்கூடாது. கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தது 1869 மே 10, யூட்டாவின் புரொமன்டரி சம்மிட்டில். முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றது 1874 நவம்பரில். அதற்கு முன்னால் நடக்கும் கதையில் அவருடைய கம்பி வேலியை யாரும் வெட்ட முடியாது. தந்திக் கம்பி இருக்கிறதா, ரயில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வேலி போட்டாயிற்றா: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வில்லன் என்ன செய்ய முடியும், நாயகனுக்கு எது கிடைக்காது என்பது தானாக விளங்கும்.

முதல் கதைக்கு 1873 முதல் 1886 வரை உள்ள காலம் வசதியானது. புதிய துப்பாக்கிகள் வந்துவிட்டன, மந்தைகள் இன்னும் நடக்கின்றன, வேலி மெதுவாக நெருங்குகிறது.

எதற்காகச் சண்டை?

புதையல், பழிக்குப் பழி இரண்டும் தேய்ந்துவிட்டன. அந்த நிலத்தில் மனிதர்கள் உண்மையாகவே அடித்துக்கொண்டது தண்ணீருக்காகவும் காகிதத்துக்காகவும்.

1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் பொது நிலத்தைக் கோரலாம். விதவையும் மணமாகாத பெண்ணும் கோரலாம். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்தால் பட்டா. இடையில் ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால் கோரிக்கை செல்லாது. முடிவில் நம்பகமான இரண்டு சாட்சிகள் வந்து சத்தியம் செய்ய வேண்டும். இந்த நான்கு நிபந்தனையில் ஒவ்வொன்றும் ஒரு கதை. வில்லன் யாரையும் கொல்ல வேண்டியதே இல்லை. ஆறு மாதம் ஊருக்கு வெளியே வைத்திருந்தால் போதும், அல்லது ஒரு சாட்சியை மிரட்டினால் போதும்.

வறண்ட பகுதியில் 160 ஏக்கர் புல் ஒரு மந்தைக்குக் காணாது. ஆனால் அந்த 160 ஏக்கரில் ஊற்று இருந்தால், சுற்றியுள்ள பல ஆயிரம் ஏக்கரும் அதை வைத்திருப்பவர் கைக்குள். தண்ணீர் இல்லாத புல்லை யார் மேய்க்கப் போகிறார்கள்? பெரும் பண்ணைக்காரர்கள் தங்கள் கூலியாட்கள் பெயரிலேயே ஊற்றுகளுக்குப் போலிக் கோரிக்கை போட்டது இதனால்தான்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டெக்சஸில் இந்தச் சட்டம் செல்லாது. அந்த மாநிலம் 1845-இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. ஹோம்ஸ்டெட் கதை வேண்டுமென்றால் கான்சஸ், நெப்ராஸ்கா, வயோமிங், மொன்டானா பக்கம் போங்கள். டெக்சஸ்தான் வேண்டுமென்றால் அங்கே 1883-இல் நடந்த வேலி வெட்டும் சண்டைகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டே வேலி வெட்டுவது அங்கே கடுங்குற்றமாயிற்று.

குதிரைக் கணக்கு

திரையில் குதிரை எப்போதும் பாய்கிறது. எழுத்தில் அப்படிப் பாயவிட்டால், குதிரை தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். நடை மணிக்கு நான்கு மைல். தொங்கோட்டம் எட்டு. அதற்கு மேல் பன்னிரண்டு வரை ஒரு மெல்லோட்டம். முழுப் பாய்ச்சல் 25 மைலைத் தாண்டும், ஆனால் இரண்டு மைலுக்குள் குதிரை தளர்ந்துவிடும். நெடும் பயணம் என்றால் நடையும் தொங்கோட்டமும் மாறி மாறி, நடுவில் இறங்கிக் கடிவாளம் பிடித்து நடத்தி, நாளுக்கு முப்பது முதல் நாற்பது மைல். ஐம்பதைத் தொட்டால் மறுநாள் அதே குதிரையை நம்ப முடியாது.

துரத்தல் காட்சியில் வேகத்தைவிட மாற்றுக் குதிரைதான் முக்கியம். ஆளுக்கு இரண்டு குதிரை வைத்திருப்பவன் நிச்சயம் எட்டிப் பிடிப்பான். ஒற்றைக் குதிரைக்காரன் தப்ப வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம் கொடுங்கள்: பாறைத் தரையில் சுவடு மறைந்தது, ஆறு பெருகியது, எதிரியின் குதிரைக்கு லாடம் கழன்றது.

குதிரை ஒரு நாளில் இருபது முதல் நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். சேணத்தில் தொங்கும் குடுவையில் இருப்பது ஒன்றிரண்டு லிட்டர், அது மனிதனுக்கே காணாது. எனவே பயணப் பாதை நேர்கோடாக இருக்காது, ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலைக்குத் தாவும். அந்தப் பாதை எதிரிக்கும் தெரியும். பதுங்கித் தாக்குகிறவன் ஏன் எப்போதும் சுனைக்கருகில் காத்திருக்கிறான் என்றால் இதற்காகத்தான்.

தீனியும் கணக்கில் வர வேண்டும். ராணுவக் குதிரைக்கு நாளொன்றுக்கு 12 பவுண்டு தானியம், 14 பவுண்டு உலர்புல் என்று அளவு வைத்திருந்தார்கள். அதைச் சுமக்க வண்டி வேண்டும், வண்டி வந்தால் வேகம் போயிற்று. சமவெளிப் பூர்வகுடிகளின் மட்டக் குதிரைகள் புல்லிலேயே வாழ்ந்தன, அதனால்தான் குதிரைப்படையால் அவர்களை எளிதில் எட்ட முடியவில்லை. இரவில் முன்னங்கால்களுக்குத் தளை போட்டு மேயவிடுவார்கள். தளை அறுந்து குதிரை போய்விட்டால் கால்நடையாக அறுபது மைல் நடக்க வேண்டும். தோட்டாவைவிட மோசமான நிலை அது.

துப்பாக்கி

1873-இல் வந்த கோல்ட் சுழல் துப்பாக்கியில் ஆறு அறை. விவரம் தெரிந்தவன் ஐந்தில்தான் தோட்டா போடுவான். தோட்டாவைத் தட்டும் சுத்தியல் தங்கும் அறை காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குதிரையின் குலுக்கலிலோ கீழே விழுந்தாலோ தானே வெடிக்கும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். தோட்டாவை நிரப்புவதும் வெற்றுக் குப்பியைத் தள்ளுவதும் பக்கவாட்டுச் சிறு கதவு வழியாக, ஒவ்வொன்றாக. நடுங்கும் விரலுக்கு அரை நிமிடமாவது ஆகும். சண்டையின் நடுவில் அந்த அரை நிமிடம் வாசகரை மூச்சுப் பிடித்து உட்காரவைக்கும், அதை வீணாக்காதீர்கள். 1873-க்கு முந்தைய கதை என்றால் பெரும்பாலும் மருந்து, ஈயக் குண்டு, தீப்பொறி தரும் சிறு செப்பு மூடி என்று ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகக் கெட்டிக்க வேண்டும். அதற்கு நிமிடங்கள் ஆகும்.

அன்றைய வெடிமருந்து கரும்பொடி. புகையில்லா மருந்து 1880-களின் நடுவில்தான் வருகிறது, மேற்கில் பரவ இன்னும் சில ஆண்டுகள். மூடிய அறைக்குள் நான்கு குண்டு வெடித்தால் எதிரே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. அந்த வெண்புகையை வைத்தே ஒரு முழுக் காட்சியை எழுதலாம், ஆனாலும் எழுதுகிறவர்கள் குறைவு. வெளியில் என்றால் அதே புகை சுட்டவன் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

கைத்துப்பாக்கியை நம்பக்கூடிய தூரம் இருபது முதல் இருபத்தைந்து கஜம். அதற்கு மேல் வின்செஸ்டர் நீள்துப்பாக்கி. 1873 மாதிரியில் நீளக் குழலுக்குப் பதினைந்து தோட்டா, குதிரையில் வைக்கும் குட்டைக் குழலுக்குப் பன்னிரண்டு. 1870-களின் இறுதியில் கோல்ட் நிறுவனம் இந்த வின்செஸ்டரின் தோட்டாவுக்கே (44-40 என்ற அளவு) கைத்துப்பாக்கி செய்யத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பட்டை போதும். உங்கள் ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்ல இதுவே நல்ல அடையாளம்: சிக்கனக்காரன் இரண்டையும் ஒரே அளவில் வாங்கியிருப்பான்.

நடுத்தெருவில் இருவர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வது மிக அரிது. உண்மையில் நடந்தவற்றில் பெயர்பெற்றது 1865 ஜூலை 21, மிசௌரியின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் வைல்டு பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் ஏறத்தாழ 75 கஜ தூரத்தில் சுட்டுக்கொண்டது. தொடையில் தாழக் கட்டிய உறை, கண் இமைப்பதற்குள் உருவுவது எல்லாம் சினிமாவின் சீதனம். 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோனில் ஓ.கே. கொரால் என்ற குதிரைத் தொழுவத்தருகே நடந்த சண்டை அரை நிமிடம்தான். ஏறத்தாழ முப்பது குண்டு, மூன்று பிணம். அது மூண்ட காரணத்தைக் கவனியுங்கள்: ஊருக்குள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற நகரச் சட்டம். டாட்ஜ் சிட்டி, விச்சிட்டா போன்ற மந்தை ஊர்களிலும் இதே விதி இருந்தது. ஆகவே எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு மதுக்கடையில் சீட்டாடுவதாக எழுதுவதைவிட, ஊர் எல்லையில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் காட்சியில் பதற்றம் அதிகம்.

மந்தை

இந்தப் பகுதியில் தாராளமாக இருங்கள். கௌபாய் வேலையின் உயிர் இதுதான், திரையில் குறைவாக வருவதும் இதுதான். போருக்குப் பின் டெக்சஸில் நீள்கொம்பு மாடுகள் பல லட்சம் திரிந்தன. உள்ளூரில் தலைக்கு நான்கு டாலர், வடக்குச் சந்தையில் நாற்பது வரை. 1867-இல் ஜோசப் மெக்காய் கான்சஸின் அபிலீனில் ரயிலடியில் தொழுவங்கள் கட்டியதும் மந்தைகள் சிஷோம் தடம் வழியே வடக்கே நடந்தன.

ஒரு மந்தையில் 2,500 முதல் 3,000 தலை. ஓட்டுவது பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களோடு தலைவர், சமையல்காரர், மாற்றுக் குதிரைகளைப் பார்க்கும் இளைஞன். ஆளுக்கு ஆறு முதல் பத்துக் குதிரை. நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மைல்தான். வேகமாக ஓட்டினால் மாடு இளைக்கும், விலை போகும். பயணம் இரண்டு மூன்று மாதம். கூலி மாதம் முப்பது நாற்பது டாலர்; சமையல்காரருக்கு அதைவிட அதிகம், அவரைப் பகைத்துக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள்.

இடம் பிடிப்பதில் அந்தஸ்து இருக்கிறது. முன்னணியில் அனுபவசாலிகள், பக்கங்களில் அடுத்தவர்கள், கடைசியில் புதியவன். மூவாயிரம் மாடு கிளப்பிய புழுதி முழுவதும் அவன் தொண்டைக்குள். கழுத்துத் துணி அலங்காரத்துக்கு அல்ல, இதற்காக. கால்களை மூடும் தோல் உறை முட்புதருக்காக. பூட்சின் உயர்ந்த குதிகால், பாதம் சேணத்தின் மிதிவளையமான அங்கவடிக்குள் வழுக்கிப் போகாமல் தடுக்க. சிக்கினால் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். துப்பாக்கிச் சண்டையைவிட இப்படியும், ஆற்றில் மூழ்கியும், மின்னல் தாக்கியும் செத்தவர்களே அதிகம். பொருளைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இரவுக் காவல் இரண்டிரண்டு பேர், இரண்டு மணி நேரம். எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றி, தணிந்த குரலில் பாடிக்கொண்டே. திடீரென ஒரு குதிரை உருவம் இருட்டிலிருந்து முளைத்தால் மாடு மிரளும். பாட்டு ஆள் வருவதை முன்கூட்டியே சொல்லும். மின்னலோ ஒரு பாத்திரம் விழுந்த ஓசையோ போதும், மந்தை மொத்தமும் எழுந்து ஓடும். நேராக நிறுத்த முடியாது. முன்னோடும் மாடுகளை ஒரு பக்கமாக நெருக்கி வளைத்து, மந்தை தன்னையே சுற்றும் சுழியாக மாற்ற வேண்டும். இருட்டில் இதைச் செய்யும்போது குதிரையின் கால் ஒரு வளைக்குள் போனால் அவ்வளவுதான்.

சமையல் வண்டியை 1866-இல் சார்லஸ் குட்நைட் வடிவமைத்தார். பின்பக்கப் பெட்டியின் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே மேசை. பீன்ஸ், உப்பிட்ட பன்றி இறைச்சி, புளித்த மாவு ரொட்டி, காப்பி. மூவாயிரம் மாட்டோடு நடப்பவர்கள் மாட்டிறைச்சியை எப்போதாவதுதான் தின்றார்கள், அது முதலாளியின் காசு.

1885-இல் டெக்சஸ் மாடுகளுக்குக் கான்சஸ் தடை போட்டது. அவை சுமந்த உண்ணி மற்ற மாடுகளைக் கொன்றது, நீள்கொம்புக்கு மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை. வேலியும் தடையும் சேர்ந்து தடத்தை அடைத்தன. 1886-87 பனிக்காலம் வட சமவெளியில் லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்று திறந்த மேய்ச்சலின் முதுகை முறித்தது.

யாருக்கு எவ்வளவு அதிகாரம்

நகர மார்ஷல் ஊரால் அமர்த்தப்பட்டவர், ஊர் எல்லை வரைதான். ஷெரீப் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மாவட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. பல இடங்களில் வரி வசூலிப்பதும் அவரே. யு.எஸ். மார்ஷல் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர், தபால் கொள்ளை போன்ற கூட்டாட்சிக் குற்றங்களைப் பார்ப்பவர். அவருடைய துணை மார்ஷல்களுக்கு 1896 வரை நிலையான சம்பளம் இல்லை, கைதுக்கும் மைலுக்கும் கட்டணம். பிறப்பால் அடிமையாயிருந்த பாஸ் ரீவ்ஸ் அப்படிப்பட்ட ஒரு துணை மார்ஷல். ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்திலிருந்து இந்தியன் டெரிட்டரிக்குள் (இன்றைய ஓக்லஹோமா) போய் ஆட்களைப் பிடித்து வந்தார். எல்லை தாண்டினால் அதிகாரம் முடிகிறது என்பதைக் கதையில் வையுங்கள். ஆற்றின் அந்தக் கரையில் நிற்கும் திருடன் சிரிக்கட்டும்.

நிலமும் மனிதரும்

கை விரித்து நிற்கும் பெரிய சகுவாரோ கள்ளி சோனோரப் பாலைவனத்துக்கு உரியது. தெற்கு அரிசோனாவில் உண்டு, டெக்சஸில் இல்லை. உருண்டோடும் முட்செடி 1870-களில் ருஷ்யாவிலிருந்து ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவில் இறங்கியது. 1868 டெக்சஸ் தெருவில் அதை உருட்டாதீர்கள்.

கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். தொழிலே மெக்சிகோ மாட்டுக்காரர்களான வகேரோக்களிடம் கற்றது. லாசோ, ரோடியோ, ராஞ்ச் எல்லாம் ஸ்பானிய வேர். பூர்வகுடிகளைப் பொதுப்பெயரில் எழுதாதீர்கள். கொமாஞ்சி, லகோட்டா, அப்பாச்சி ஒவ்வொருவருக்கும் வேறு மொழி, வேறு போர் முறை. வீடும் எல்லோருக்கும் ஒன்றல்ல. இறகுக் கிரீடமும் தோல் கூடாரமும் சமவெளி மக்களுடையவை. அப்பாச்சி வீடு பெரும்பாலும் புல்லும் கொம்பும் கட்டிய குடில். "செவ்விந்தியர்" என்ற பழைய சொல் கதைமாந்தர் வாயில் வரலாம், கதைசொல்லி வாயில் வேண்டாம்.

தமிழில் எழுதும்போது

ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை என்று பூச்சூட்டிப் பார்த்த மொழி இது. மாட்டுக் கொள்ளையைச் சொல்லச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மந்தை, தொழு, சேணம், கடிவாளம், தளை, அங்கவடி எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. ஷெரீப், மார்ஷல், லாசோ அப்படியே இருக்கட்டும். "சலூன்" மட்டும் வேண்டாம், வாசகர் முடிவெட்டும் நாற்காலியைத் தேடுவார். மதுக்கடை என்றே எழுதுங்கள்.

உரையாடலில் நமக்கு ஒரு ஆயுதம் கூடுதலாக இருக்கிறது: "நீங்கள்". அந்நியர் இருவர் "நீங்கள்" என்று தொடங்கட்டும். சீட்டு மேசையில் ஒருவன் திடீரென "நீ" என்று மாறும் கணத்தில், துப்பாக்கியை யாரும் தொடாமலேயே நாற்காலிகள் பின்னால் நகரும். அதனால் அந்த மாற்றத்தைக் கதைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை மட்டும் செலவிடுங்கள்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

வயோமிங் டெரிட்டரி, அதாவது இன்னும் மாநிலமாகாத வயோமிங். ஒரு விதவை 1881 செப்டம்பரில் ஊற்றுள்ள 160 ஏக்கரைக் கோருகிறாள். 1884-இல் கால் முறிந்து நகரத்து மருத்துவரிடம் கிடக்கிறாள். ஆறு மாதம் தாண்டினால் நிலம் போய்விடும். ஐந்து மாதம் இருபது நாளில், எலும்பு சரியாகக் கூடாமலே வண்டியேறி வருகிறாள். முதல் பாதி முடிந்தது, ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

1886 செப்டம்பரில் ஐந்து ஆண்டு நிறைகிறது. 1879-இலிருந்து ஒரு விதி: இறுதிச் சான்று கொடுக்குமுன் தேதியையும் சாட்சிகள் பெயரையும் அருகிலுள்ள செய்தித்தாளில் முப்பது நாள் அறிவிக்க வேண்டும். ஆக, அந்த ஊற்றுக்குக் கண் வைத்த பெரும் பண்ணைக்காரருக்கு ஒற்றனே வேண்டாம், யாரைத் தடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று பத்திரிகையே சொல்லிவிடுகிறது. அறிவித்த நான்கு சாட்சிகளில் ஒருவர் ஊரை விட்டே போகிறார், இன்னொருவருக்கு நல்ல விலை கிடைக்கிறது. மிச்சம் இருவர். சட்டம் கேட்பதும் இருவரை.

அந்த இருவரும் போய்ச் சத்தியம் செய்ய வேண்டிய மாவட்ட நீதிமன்ற எழுத்தர் இருக்கும் ஊர் தொண்ணூறு மைல், நவம்பர் நடுப்பகுதி. அந்த ஆண்டு பனி அப்போதே விழத் தொடங்கிவிட்டது. சாதாரணமாக மூன்று நாள் பயணம். பனிக்கடியில் புல் கிடைக்காது, எனவே இரண்டாம் நாள் குதிரை தளரும். துரத்துகிறவர்களிடம் ஆளுக்கு இரண்டு குதிரை, தானியமும் உண்டு. நாற்பத்தைந்தாவது மைலில் ஒரு சாட்சியின் குதிரை நொண்டுகிறது. அவனை விட்டுவிட்டுப் போக முடியாது, ஒற்றைச் சாட்சிக்கு மதிப்பில்லை. மற்றவன் குதிரையில் மாறி மாறி ஏறி, நடை வேகத்தில், இன்னும் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் உறையாத நீர் ஒரே இடத்தில்தான். அங்கே யார் காத்திருப்பார்கள் என்று வாசகருக்கு இப்போது தெரியும், அந்த இருவருக்கும் தெரியும், வேறு வழியும் இல்லை.

அந்தச் சுனையடிச் சண்டையில் சாட்சி ஒருவன் சுடும் ஆறாவது குண்டை எழுதுமுன் நோட்டைப் பின்னால் புரட்டி எண்ணிவிடுங்கள். காலையில் அவன் ஐந்துதான் போட்டிருந்தான்.